மீண்டெழும் செலவு

யன்னலோரம் என் மேசை.
மார்கழியில் சாரல் அடித்தால் பேரேடு நனையும்.
இடது முழங்கையைக் குடையாக்கிக்கொண்டு
எழுதப் பழகிவிட்டேன்.

முன்னூற்றுப் பதினாறு இலட்சம் வந்தது.
இல்லையென்று சொல்லமாட்டேன், பற்றுச்சீட்டில் என் கையெழுத்து.
சுவர் எழும்பியது. கூரைக்கு நல்ல அஸ்பெஸ்ரஸ்.
பன்னிரண்டு கட்டில்,
பொலித்தீன் கழற்றாத பன்னிரண்டு மெத்தை.
வாசலில் கறுப்புக் கல், மும்மொழியில்.
தமிழில் மட்டும் ஒரு பிழை:
புனர்வாள்வு நிலையம்.
வாழ்வு இருக்கவேண்டிய இடத்தில் வாள்.
திருத்தச் சொல்லிக் கடிதம் போட்டேன்.
கல்லுக்கு இரண்டாந்தரம் காசு கேட்கேலாது என்றார்கள்.

கட்டடம் மூலதனச் செலவு.
மருத்துவர், தாதி, மருந்து, இராக் காவலுக்கு ஒருவர்
இதெல்லாம் மீண்டெழும் செலவு.
யார் வைத்த சொல்லோ.
பதினோரு வருடமாய் எழுதுகிறேன்,
இந்த வருடம்தான் அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது.
அந்த நிரலில் ஒரு சின்னக் கோடு.
பூச்சியம்கூட இல்லை.
பூச்சியம் போடுவதற்கும்
யாரோ ஒருவர் கொஞ்சம் யோசித்திருக்க வேணும்.

வெள்ளிக்கிழமைகளில் எமில்டா வருவாள்
பாசையூரிலிருந்து, நண்டு மணக்கும் கையோடு.
மகன் றெக்சன், வயது பத்தொன்பது.
முதலில் வலை போனது, பிறகு கைபேசி,
பிறகு படகின் என்ஜின்.
எல்லாம் சின்னச் சின்னச் சரைகளாய் வீட்டுக்குத் திரும்பின.
மூன்று தரம் தானே நிறுத்திப் பார்த்தாள்.
உரித்த கோழிபோல் தோல் புள்ளி புள்ளியாய் எழும்புமாம்,
கால் இரண்டும் தன்பாட்டில் சுவரை உதைக்குமாம்,
கொட்டாவி, கொட்டாவி, மூக்கால் தண்ணீர்.
"பேயெண்டாலும் செபத்துக்கு அடங்கும், மிஸ்."

"கட்டில் இருக்குதெல்லோ, யன்னலால பாத்தனான்."
கட்டில் இருக்கு அக்கா. ஆக்கள் இல்லை.
"ஆளுக்கு நான் நிக்கிறன். ராவிராவா நிக்கிறன்.
சம்பளம் வேண்டாம்."
சம்பளம் வேண்டாத ஒருவரைச் சேர்க்கும் படிவம்
எங்களிடம் இல்லை.

இதையும் சொல்லவேணும்.
என் தம்பி கொழும்பில் படிக்கிறான் என்று
கந்தோரில் சொல்லி வைத்திருக்கிறேன்.
அவன் கொழும்பில் இல்லை.
பின்னறைத் திறப்பு என் கைப்பையில் இருக்கிறது.
மத்தியானம் நான் சைக்கிளில் ஓடிப்போய் வருவது
சோறு தின்ன அல்ல.
எமில்டாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசை,
அரசாங்கத்தின் மேசை,
காலில் வெள்ளை மையால் இலக்கம் எழுதியது.

மார்கழி முப்பத்தொன்று.
விழிப்புணர்வு நடைபவனிக்கு வந்த காசில்
தொப்பி நானூறும் பதாகையும் போக
நாலு இலட்சத்துப் பதினோராயிரம் மிச்சம்.
ஒரு தலைப்பின் காசு இன்னொரு தலைப்புக்குப் பாயாது.
நாலு மணிக்கு முதல் திறைசேரிக்குத் திருப்பவேணும்.
திருப்பினேன்.
சதம் பிசகவில்லை.
கணக்காளர் "கெட்டிக்காரி" என்றார்.
மிஞ்சிய தொப்பிகளில் ஒன்றை மழைக்குப் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போனார்.
போதையை ஒழிப்போம் என்று
அவர் நெற்றியில் இருந்தது.

எல்லோரும் போனபிறகு
குறைநிரப்பு மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன்.
அந்தச் சின்னக் கோட்டின்மேல், பென்சிலால்:
மருத்துவர் ஒன்று, தாதி நாலு,
இரவுகள் முந்நூற்று அறுபத்தைந்து.
நியாயப்படுத்தல் என்றொரு கட்டம்,
இரண்டு வரிக்குத்தான் இடம்.
எழுதினேன்.
ஒருதரம் எழும்பினவர் மறுபடி விழுவார்.
மறுபடி எழுப்ப ஆள் வேணும், மாதாமாதம்.

ஒப்பமிடும் இடத்தை வெறுமையாய் விட்டேன்,
அது என் ஒப்பமல்ல.
மணி ஐந்தரை.
படியிறங்கையில் கைப்பைக்குள் திறப்புக் குலுங்கியது.
சைக்கிளைத் துடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை,
ஒரு தொப்பியால் துடைத்தேன்.